கடைசி அறுபது கஜம்

கோல்ஃபில் ஷார்ட் கேம் என்று சொல்வது கிரீனின் மேலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆடும் ஆட்டத்தை. பட்டரால் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங், கிரீன் ஓரத்திலிருந்து தாழ்வாகத் தட்டி உருளவிடும் சிப், கொஞ்சம் உயர்த்திப் போடும் பிட்ச், மணலிலிருந்து எடுக்கும் பங்க்கர் ஷாட் ஆகிய நான்கும் இதில் அடங்கும். நூறு கஜத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு அறுபது கஜம் என்று எல்லை வைத்துக்கொள்வதே நல்லது. அதற்கு அப்பால் முழு வீச்சு வந்துவிடுகிறது. அதைச் சீராக்க வேறு அளவு நேரம் வேண்டும். பார் 72 உள்ள மைதானத்தில் குழிக்கு இரண்டு பட் வீதம் 36 அடிகளைச் சேர்த்துத்தான் அந்த 72 வருகிறது. எண்ணிக்கையில் பாதி ஆட்டம் பட்டரின் கையில் இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை வேறு, ஸ்கோரில் விழும் வித்தியாசம் வேறு. நாசாவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்து கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ், அடிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் நூறு கஜத்துக்குள்ளேயே விழுகின்றன என்று கணக்குக் காட்டி, 1999-ல் ஷார்ட் கேமுக்கென்றே தடித்த புத்தகம் ஒன்றை எழுதினார். ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரில் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து சேர்த்த தரவை வைத்துக்கொண்டு 2014-ல் வேறு கணக்குச் சொன்னார். நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீண்ட ஷாட்களால் வருகிறது, மிச்சம்தான் ஷார்ட் கேமும் பட்டிங்கும் என்பது அவர் கண்டது. இரண்டு கணக்கில் பிராடியின் கணக்குத்தான் பலமானது. ஷார்ட் கேம்தான் எல்லாம் என்று இன்றும் சொல்லிக்கொடுப்பவர்கள் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் நேரமில்லாதவர் எதற்காக ஷார்ட் கேமைப் பிடிக்க வேண்டும்? அந்த மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக. டிரைவரில் இருபது கஜம் கூட்டுவதற்கு உடம்பில் பலம் வேண்டும், இடுப்பும் தோளும் வளைந்து கொடுக்க வேண்டும், டிரைவிங் ரேஞ்சுக்குப் போய்வர மணிக்கணக்கில் பொழுது வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அந்த இருபது கஜம் வராமலே போகவும் கூடும். பதினைந்து கஜத்திலிருந்து போடும் சிப்புக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. செலவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கார்டில் பலன் சீக்கிரம் தெரியும் இடம் கிரீனைச் சுற்றித்தான்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1938-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஷானி மைதானத்தில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் சாம் ஸ்னீடும் பால் ரன்யனும் மோதினார்கள். ஸ்னீட் அந்தக் காலத்தின் பெரிய அடிக்காரர்; ரன்யன் சிறிய உருவம், டீயிலிருந்து ஒவ்வொரு முறையும் வெகுதூரம் பின்தங்கினார். 36 குழிகளுக்கு வைத்த ஆட்டம் 29-ஆவது குழியிலேயே முடிந்துபோனது. 7 குழிகள் மீதமிருக்க 8 குழிகள் முன்னிலையில் ஜெயித்தவர் ரன்யன். ‘சின்ன விஷம்’ என்ற பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. பிற்காலத்தில் அவர் ஷார்ட் கேம் ஆசானாகவே பெயர் பெற்றார்.

வார இறுதி ஆட்டக்காரரின் ஸ்கோர் கார்டைக் குழி குழியாகப் பார்த்தால், அடிகள் கரையும் இடம் இரண்டே. கிரீன் ஓரத்தில் முதல் சிப் கிரீனையே எட்டாமல் போவது அல்லது கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிவிடுவது ஒன்று. கிரீனில் ஏறிய பிறகு மூன்று முறை பட் செய்வது மற்றொன்று. இருபது அடியிலிருந்து பந்து குழிக்குள் விழாததெல்லாம் இழப்புக் கணக்கில் சேராது. பிஜிஏ டூரில் சம்பாதிப்பவர்களே இருபது அடியிலிருந்து ஏழுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். எட்டு அடியில் பாதிக்குப் பாதி. மூன்று அடியில்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். தொண்ணூறு ஸ்கோர் போடுபவருக்கு இந்தப் பாதிக்குப் பாதி ஏறத்தாழ ஐந்து அடியிலேயே வந்துவிடுகிறது. ஆகவே பயிற்சியின் இலக்கு அற்புதமான ஷாட்டாக இருக்க வேண்டியதில்லை. கிரீனுக்கு வெளியிலிருந்து ஒரே அடியில் கிரீனில் ஏறுவது, ஏறிய பின் இரண்டே பட்டில் முடிப்பது, இந்த இரண்டும் கைவந்தால் போதும். தொண்ணூற்றைந்தில் இருப்பவர் வேறெதையும் மாற்றாமல் எண்பதுகளுக்கு இறங்கிவிடலாம்.

நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்குக் கோல்ஃபுக்கு வெளியிலிருந்து இரண்டு ஆய்வுகள் உதவுகின்றன. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை சொல்லிக்கொடுத்தபோது, பேட்லி, லாங்மன் என்ற இரு உளவியலாளர்கள் அவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1978-ல் வெளிவந்த அந்த ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கற்றவர்கள் நாளுக்கு நான்கு மணி நேரம் கற்றவர்களைவிடக் குறைந்த மொத்த மணிகளில் தேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறை பிடிக்கவில்லை என்று அதிகம் குறைப்பட்டதும் அவர்களே. நாட்கணக்கு நீண்டுபோவது அவர்களுக்குச் சலிப்பாக இருந்தது. கோல்ஃபில் இது அப்படியே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் பந்துகளைக் கொட்டி அடித்தவர் மனநிறைவோடு வீட்டுக்குப் போவார்; கையில் தங்குவது கொஞ்சம்தான். தினம் பத்து நிமிடம் படுக்கையறையில் பட்டரை ஆட்டியவருக்கு ஏதோ சாதித்த உணர்வே வராது. அடுத்த வாரம் கார்டு மட்டும் மாறியிருக்கும்.

இன்னொன்று ஷே, மார்கன் இருவரும் 1979-ல் செய்த சோதனை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, பிறகு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது மளமளவென்று தேறினார்கள். அசைவுகளைக் கலந்து, மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். சில நாட்கள் கழித்துச் சோதித்தால் முந்தியவர்கள் இவர்கள்தான். ஒரே இடத்தில் கூடையைக் கவிழ்த்து ஐம்பது சிப் போடுவதன் குறை இதில் இருக்கிறது. பத்தாவது பந்துக்குப் பிறகு கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கை முந்தைய அடியின் நினைவில் அடிக்கிறது. மைதானத்தில் அதே சிப் இரண்டு முறை கிடைப்பதில்லை. புதிய அசைவொன்றைக் கற்கும் முதல் சில நாட்களில் மட்டும் ஒரே இடத்தில் நின்று அடிப்பதில் நியாயம் உண்டு. பிறகு ஒவ்வொரு பந்துக்கும் இடம் மாற வேண்டும்.

பட்டிங்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே செய்யக் கூடியது அது. குழியின் விட்டம் 4¼ அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பந்து 42.67 மில்லிமீட்டர். நான்கடி தூரத்தில் பந்தின் பாதை இரண்டரை டிகிரி விலகினாலும் குழியின் விளிம்புக்குள் வந்துவிடும். பத்தடியில் அந்தச் சலுகை ஒரே டிகிரி. இதை வீட்டில் சோதிக்க ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. சமதளமான விரிப்பில் பந்தை வைத்து, அதற்குச் சரியாக ஓரடி முன்னால் இரண்டு தீப்பெட்டிகளை நிற்கவைக்க வேண்டும். இடைவெளி அளப்பதற்கு இரண்டு பத்து ரூபாய்க் காசுகள் போதும்: பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர், இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்தால் 54. அந்த வாசலில் தீப்பெட்டியைத் தொடாமல் நுழைந்த பந்து, சமதளக் கிரீனில் பத்தடி பட்டைக் குழிக்குள் கொண்டுபோகும் நேர்மையோடு புறப்பட்டிருக்கிறது. தொட்டுவிட்டால் எந்தப் பக்கத்துப் பெட்டி விழுகிறது என்பதே பாடம். வலது கைக்காரருக்கு எப்போதும் வலது பெட்டியே விழுகிறதென்றால் பட்டரின் முகம் திறந்தபடி வருகிறது. இரண்டும் மாறி மாறி விழுந்தால் பிடி இறுகியிருக்கிறது அல்லது தலை பந்தோடு சேர்ந்து திரும்புகிறது. சொல்லிக்கொடுக்க யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

திசையை வீட்டில் பழகலாம். வேகத்தை வீட்டில் பழக முடியாது, ஓடு போட்ட தரையும் விரிப்பும் கிரீனைப் போல இருப்பதில்லை. மைதானத்துக்குப் போய்ச் சேரும் அரிய நேரத்தில் பட்டிங்குக்கு ஒதுக்குவதை முழுக்க வேகத்துக்கே கொடுத்துவிட வேண்டும். மூன்று பட் ஆவதற்குத் திசை பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. முப்பதடியிலிருந்து பந்து ஓரடி வலப்பக்கம் விலகி நிற்பது அரிது. ஆறடி குறைந்தோ எட்டடி கூடியோ நிற்பதுதான் வழக்கம். தவறிய பந்து குழியைத் தாண்டிப் பதினேழு அங்குலத்தில் நிற்கும் வேகமே உருளுவதற்கு உகந்தது என்று பெல்ஸ் தம் சோதனைகளில் கண்டார். அதைவிட மெதுவாக வந்தால் குழியைச் சுற்றியுள்ள கால் தடங்களில் பந்து இழுபடும். அதைவிட வேகமாக வந்தால் குழியின் அகலமே குறைந்துவிட்டது போலாகும், விளிம்பில் பட்டு வெளியே சுழன்றுவிடும். ஆனால் முப்பதடியிலிருந்து பதினேழு அங்குலத்தை யாரும் குறிபார்க்க வேண்டாம். குழியைச் சுற்றி மூன்றடி வட்டம் ஒன்றைக் கற்பனையில் போட்டு, அதற்குள் பந்தை நிறுத்தினால் போதும்.

வேகம் பழக நல்ல முறை, குழியே இல்லாமல் ஆடுவது. பயிற்சிக் கிரீனின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குப் பந்தை உருட்டி, விளிம்பைத் தொடாமல் எவ்வளவு அருகில் நிற்கவைக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தது வேறு தூரம், வேறு சரிவு. அடித்தவுடன் தலையைத் தூக்காமல், பந்து குறைந்ததா கூடியதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதன் பிறகு நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தைச் சில பயிற்சியாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஊகமும் நிஜமும் நெருங்க நெருங்க, கை தூரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். பத்துப் பந்துகளில் இதைச் செய்தால் ஐம்பது பந்துகளின் வேலை நடக்கும்.

சென்னை போன்ற வெப்பமான ஊர்களின் கிரீன்களில் பெர்முடா வகைப் புல் வளர்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் பெண்ட் புல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; பெர்முடா வேறு சாதி. அதன் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். இதைத்தான் கேடிகள் ‘கிரெய்ன்’ என்பார்கள். குழியை நோக்கி நிற்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் கிரெய்ன் பந்தின் போக்கிலேயே ஓடுகிறது, பந்து வழுக்கிக்கொண்டு போகும். கருத்து மங்கலாகத் தெரிந்தால் எதிர்க் கிரெய்ன், பந்து சட்டென்று நின்றுவிடும். குழியின் வாயைக் குனிந்து பார்த்தாலும் தெரியும்: ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் இழைகள் பிய்ந்து பழுப்பேறியிருக்கும். பழுப்பேறிய பக்கம் நோக்கித்தான் புல் சாய்ந்திருக்கிறது. பல வருடம் ஒரே மைதானத்தில் பை சுமந்த கேடி இதைப் பார்க்கவே மாட்டார். “ஒரு கப் லெஃப்ட்ல வைங்க சார், கிரெய்ன் இழுக்கும்” என்று நடந்துகொண்டே சொல்வார். அவர் சொன்ன கோட்டை விட்டுவிட்டுச் சொந்தக் கோட்டில் அடித்து, விலகிய பந்தைப் பார்த்துத் தலையாட்டும் ஆட்டக்காரர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு.

விடிகாலைப் பனியை வீணாக்கக் கூடாது. ஆறு மணிக்குப் பயிற்சிக் கிரீனில் ஈரம் படிந்திருக்கும்போது உருட்டிய ஒவ்வொரு பந்தும் தன் பாதையைக் கோடாகப் போட்டுவிட்டுப் போகும். எந்த இடத்தில் பந்து வளையத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் காணக் கிடைக்கும் சமயம் அது ஒன்றே. பெரும்பாலோர் நினைப்பதைவிட வளைவு கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான், பந்து தளரும்போதுதான் அதிகம் என்பது இரண்டு கோடுகளைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஈரத்தில் பழகிய வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒன்பது மணிக்கு அதே கிரீன் வேறு கிரீன்.

சிப் ஷாட்டில் கெட்டுப்போவதற்கு ஒரே ஒரு மூல காரணம்தான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசை. வெட்ஜின் முகத்தில் 46-லிருந்து 60 டிகிரி வரை சாய்வு ஏற்கெனவே இருக்கிறது. தூக்குகிற வேலை அதனுடையது. ஆட்டக்காரர் அதை நம்பாமல், அடிக்கும் கணத்தில் மணிக்கட்டை முன்னால் வளைத்து அகப்பையால் அள்ளுவது போல அள்ளப் பார்க்கிறார். எடை பின்காலுக்குப் போகிறது. மட்டையின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் வந்துவிடுகிறது. பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் புதைந்து பந்து இரண்டடி நகர்ந்து நிற்கும். அல்லது மண்ணில் பட்டு எகிறிய மட்டையின் கூர் விளிம்பு பந்தின் நடு வயிற்றில் மோதி, பந்து கிரீனைத் தாண்டிப் பாயும். பார்க்க எதிரெதிரான இந்த இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே. முதல் பிழை நடந்தவுடன் அடுத்த முறை பலமாக அடிப்பதும், இரண்டாவது நடந்தவுடன் மெதுவாக அடிப்பதும்தான் வழக்கமான சுயவைத்தியம். இரண்டும் நோயை முற்றவைக்கும்.

சரிசெய்வதற்கான நிலை எளிது. பாதங்கள் நெருங்கி இருக்கும். எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கும், கடைசிவரை அங்கேயே இருக்கும். கைகள் பந்துக்குச் சற்று முன்னால். பட்டிங்கைப் போலத் தோள்கள் ஆடினால் போதும். இதற்குக் கிரீன்கூட வேண்டாம்; மொட்டை மாடியில் ஒரு பழைய கால்மிதியைப் போட்டு, அதன் மேல் பந்தே இல்லாமல் ஆடலாம். கால்மிதியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மட்டை கோட்டுக்கு முன்பக்கம் உரசுகிறதா பின்பக்கம் உரசுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பத்துக்கு எட்டு முறை முன்பக்கம் உரசும்வரை பந்து தேவையில்லை. வெளியூர் வேலையாகப் போகிறவர்கள் ஓட்டல் அறையில் ஒரு துண்டை விரித்து இதைச் செய்வதுண்டு.

அசைவு அமைந்த பிறகு சிப் முழுக்கக் கணக்குத்தான். பந்து எங்கே விழ வேண்டும் என்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. கிரீனுக்குள் ஓரிரு அடி தள்ளி, சமமான இடம். குழியைப் பார்த்து அடிக்கவே கூடாது, அந்த இடத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். மட்டையைத் தேர்ந்தெடுக்கப் பன்னிரண்டு விதி என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால், பந்து பறந்த தூரத்தைப் போல எத்தனை மடங்கு உருளும் என்பது கிடைக்கும். 8 அயர்ன் என்றால் ஒரு பங்கு பறந்து நான்கு பங்கு உருளும். 9 அயர்ன் மூன்று பங்கு. பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று வைத்தால் இரண்டு. சாண்ட் வெட்ஜ் பதினொன்று, ஒன்றுக்கு ஒன்று. சமதளமான, நடுத்தர வேகக் கிரீனுக்கான கணக்கு இது. எதிர்க் கிரெய்ன் உள்ள பெர்முடாவிலும் மேட்டை நோக்கியும் ஒரு மட்டை கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 9-க்குப் பதில் 8. இறக்கத்தில் ஒன்று குறைக்க வேண்டும். கையின் அசைவு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

கிரீனுக்கு வெளியே புல் குட்டையாக இருந்தால் இத்தனையும் அவசியமில்லை. பட்டரையே எடுத்துவிடலாம். கௌரவக் குறைச்சல் என்று நினைப்பதால்தான் பலர் அதைச் செய்வதில்லை. மோசமான பட், மோசமான சிப்பைவிட எப்போதும் குழிக்கு அருகில் நிற்கும். நேரமில்லாதவருக்கு இதைவிட லாபமான முடிவு மைதானத்தில் கிடையாது. மார்ச்சுக்கு மேல் தரை காய்ந்து கெட்டியாகும் மாதங்களில் இது இன்னும் பொருந்தும். அந்தத் தரையில் வெட்ஜின் அடிப்பாகம் எகிறிக் குதிக்கும்.

இருபதிலிருந்து அறுபது கஜம் வரையிலான பிட்ச்சுக்கு பெல்ஸ் வகுத்த கடிகார முறை ஒன்றே போதும். இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்து, பின்வீச்சை ஏழரை, ஒன்பது, பத்தரை என்று மூன்று நிலைகளில் நிறுத்திப் பழகுவது அது. மூன்று வெட்ஜ் இருந்தால் ஒன்பது தூரங்கள் கையில் இருக்கும். அத்தனையும் நேரமில்லாதவருக்கு வேண்டாம். சாண்ட் வெட்ஜில் ஒன்பது மணி வீச்சு எத்தனை கஜம் போகிறது என்று ஒரே ஓர் எண்ணைத் திடமாகத் தெரிந்துவைத்துக்கொண்டால், மற்றதை அதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பங்க்கர் ஷாட் பயத்தைக் கிளப்புவது போல அவ்வளவு கடினமானதில்லை. 1932-க்கு முன்புவரை இருந்த மட்டைகளின் கூர் விளிம்பு மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த வருடம் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஜீன் சாரஸன், மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துப் பின்விளிம்பு தாழ்ந்திருக்கும்படி ஒரு வெட்ஜைத் தாமே செய்துகொண்டிருந்தார். விமானத்தின் வால்பகுதிச் சிறகு அசைவதைக் கண்டு தோன்றிய யோசனை என்று பின்னாளில் சொன்னார். அந்தத் தாழ்ந்த அடிப்பாகத்தின் கோணத்தைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். அது மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் நுழைந்து, ஒரு தட்டு மணலோடு பந்தையும் சேர்த்து வெளியே தள்ளும். மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பழகும் வழியும் அதுவே: மணலில் ஒரு கோடு கிழித்து, பந்து இல்லாமல் அந்தக் கோட்டிலேயே மட்டையை நுழைத்து மணலைக் கிரீனில் போடுவது. பயிற்சியில் கோடு கிழிக்கலாம். ஆட்டத்தில் அடிக்கும் முன் பந்தை ஒட்டிய மணலை மட்டை தொட்டால் தண்டனை அடி உண்டு. வேகத்தைப் பாதியில் விட்டுவிடுவதுதான் இங்கே பெரிய பிழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் நனைந்து இறுகியிருக்கும்போது முகத்தைத் திறக்காமல், குறைந்த பவுன்ஸ் உள்ள வெட்ஜால் எடுக்க வேண்டும். மணல் சுவர் உயரமாக இருந்து நம்பிக்கையே இல்லையென்றால், 2019 முதல் இரண்டு தண்டனை அடிகளை ஏற்றுக்கொண்டு பந்தைப் பங்க்கருக்கு வெளியே போட விதி இடம் தருகிறது. மணலிலேயே நான்கு அடி அடிப்பதைவிட அது மேல்.

ஒரே மட்டையோடு சில நாட்களைக் கழிப்பது பழைய முறை, இன்றும் தேயாத முறை. ஸ்பெயினின் பெட்ரேன்யா கிராமத்தில் சிறுவனாக இருந்தபோது செவே பயஸ்தெரோஸ் கையில் இருந்தது ஒரு 3 அயர்ன் மட்டுமே. கடற்கரை மணலில் அதை வைத்தே எல்லா உயரத்துக்கும் பந்தை அடிக்கக் கற்றார். இந்தியத் தொழில்முறை வீரர்களில் இந்தியன் ஓப்பனை முதலில் வென்றவர் அலி ஷேர்; 1991-ல் வென்று, 1993-ல் மறுபடியும் வென்ற அவர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்து வந்தவர். கேடிகளுக்கு முழுப் பையும் கிடையாது, பயிற்சி நேரமும் கிடையாது. உறுப்பினர்கள் கிளம்பிய பிறகு இருக்கும் கொஞ்சம் வெளிச்சமும் யாரோ கழித்துப்போட்ட மட்டையும்தான். நான்கு வெட்ஜ் வாங்கிவிட்டு எதை எடுப்பது என்று திகைத்து நிற்பவர்களைப் பார்க்கும்போது, அந்த வறுமை ஒரு வகையில் வாய்ப்பாகவே இருந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

மைதானத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் முக்கால் மணியை ஆட்டமாகவே ஆட வேண்டும். ஒரே பந்து, ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். பயிற்சிக் கிரீனைச் சுற்றி ஒன்பது வெவ்வேறு இடங்களிலிருந்து, சில இடங்களில் பந்தை நல்ல புல்லிலும் சில இடங்களில் மோசமான குழிவிலும் போட்டு, ஒவ்வொன்றையும் குழிக்குள் விழும்வரை முடிக்க வேண்டும். இடத்துக்கு இரண்டு அடி வீதம் பார் 18. முதலில் இருபத்தேழு, இருபத்தெட்டு வருவது சகஜம்; இருபத்திரண்டுக்குள் வரத் தொடங்கினால் கிளப் அளவில் எவரும் அஞ்சும் ஷார்ட் கேம் கையில் இருக்கிறது. எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஒற்றைப் பந்து என்பது இதில் முக்கியம். இரண்டாவது பந்து பையில் இருக்கிறது என்று தெரிந்தால் முதல் பந்தில் கவனம் இருக்காது.

சாமான்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எப்போதும் ஒரே வகைப் பந்தை ஆடுவது அவசியம். கிரீன் ஓரத்தில் கெட்டியான பந்தும் மிருதுவான பந்தும் வேறு வேறு தூரம் உருளும், புதரில் கிடைத்த பந்துகளை மாற்றி மாற்றி ஆடுபவருக்குக் கை எதைக் கற்றுக்கொள்வது என்றே தெரியாது. வெட்ஜின் வரிப்பள்ளங்களில் மண் அடைந்திருந்தால் பந்து சுழலாது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் பையில் இருக்கட்டும்.

ஆட்டம் தொடங்கும் முன்பான நேரத்தைத்தான் எல்லோரும் தவறாகச் செலவிடுகிறார்கள். இருபது நிமிடம் முன்னதாக வந்தவர் நேராக ரேஞ்சுக்குப் போய் டிரைவரைச் சுழற்றுவார். கிரீனை முதன்முதலில் மிதிப்பது முதல் குழியில்தான். அன்றைய கிரீனின் வேகம், ஈரம், கிரெய்ன் எதுவும் தெரியாமல் முதல் மூன்று குழிகளில் மூன்று பட் போட்டுவிட்டு, நான்காவது குழியிலிருந்து ஆட்டத்தை மீட்கப் பார்ப்பார். பத்து நிமிடமே இருந்தால் டிரைவரைப் பைக்குள்ளேயே விட்டுவிடலாம். நீண்ட பட் ஆறு, கிரீன் ஓரத்திலிருந்து சிப் ஆறு, கடைசியில் மூன்றடியிலிருந்து குழிக்குள் விழும் சத்தத்தோடு நான்கு பட். அதன் பிறகு முதல் டீக்குப் போகலாம்.